கடை அதேதான், வகுப்பு வேறு: இங்கிலாந்தில் வணிக இடத்தின் பயன்பாட்டை மாற்ற எப்போது அனுமதி வேண்டும்?

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ பூட்டிக் கிடக்கும் துணிக்கடையை எடுத்துச் சாப்பாட்டுக் கடை போட நினைப்பவருக்கு இரண்டு விதமான ஆலோசனை கிடைக்கும். "சட்டம் மாறிவிட்டது, இப்போது அனுமதியே வேண்டாம்" என்பார் ஒருவர். "கவுன்சில் அனுமதி இல்லாமல் அடுப்பே பற்றவைக்க முடியாது" என்பார் இன்னொருவர். இரண்டும் பாதி உண்மை. துணிக்கடையை உட்கார்ந்து சாப்பிடும் இடமாக மாற்ற அனுமதி வேண்டியதில்லை. அந்தச் சமையலறைக்கான புகைக்குழாயைச் சுவருக்கு வெளியே ஏற்ற அனுமதி வேண்டும். பார்சல்தான் பிரதான வியாபாரம் என்றால் இரண்டுக்குமே வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாமல் லீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அனுமதி வரும்வரை திறக்காத கடைக்கு வாடகையும் பிஸினஸ் ரேட்ஸும் (வணிக இடத்துக்கான வரி) கட்டிக்கொண்டிருக்க நேரும். அதனால் கீழே சொல்வதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இங்கே விளக்கப்படும் விதிகள் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியவை. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் வகுப்புப் பிரிவினை வேறு.

## எது 'மாற்றம்'?

1990-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, அனுமதி தேவைப்படும் காரியங்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஒன்று கட்டட வேலை. மற்றது, ஓர் இடத்தின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் செய்வது. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு 'வேண்டாம்' என்று பதில் வந்தால் மற்றதற்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

அதே பிரிவில் ஒரு பெரிய விலக்கு உண்டு. ஒரே 'பயன்பாட்டு வகுப்பு'க்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைச் சட்டம் மாற்றமாகவே கருதாது. அந்த வகுப்புகளை 1987-இல் வந்த ஓர் ஆணை வரையறுக்கிறது. 2020 செப்டம்பர் 1 அன்று அந்த ஆணை பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதற்கு முன் கடை ஏ1, வங்கி ஏ2, உணவகம் ஏ3, அலுவலகம் பி1 என்று தனித்தனியாக இருந்தன. இப்போது அவை எல்லாம் 'ஈ' என்ற ஒரே வகுப்பு. சட்டம் மாறிவிட்டது என்று சொல்பவர் இதைத்தான் சொல்கிறார்.

## எது எந்த வகுப்பில்

ஈ வகுப்பு: சில்லறைக் கடை, பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், வங்கி, கணக்காளர் போன்ற சேவைகள், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவ, பல் மருத்துவ நிலையம், குழந்தைகள் பராமரிப்பு நிலையம், அலுவலகம், குடியிருப்புப் பகுதிக்குத் தொந்தரவு தராத சிறு தொழில்.

எஃப்1: கல்வி நிலையம், வழிபாட்டிடம், நூலகம், அருங்காட்சியகம்.

எஃப்2: சமூக மண்டபம் போன்றவை. 280 சதுர மீட்டருக்கு மேற்படாமல், பெரும்பாலும் அத்தியாவசியப் பொருள் விற்று, சுற்றிலும் 1000 மீட்டருக்குள் அப்படி வேறு கடை இல்லாமல் இருக்கும் ஒற்றைக் கடையும் இதில் வரும்.

பி2, பி8: தொழிற்சாலை, கிடங்கு.

சூயி ஜெனரிஸ்: எந்த வகுப்பிலும் சேராத தனி வகை. சூடான உணவு டேக் அவே, பப், பந்தயக் கடை, டாக்சி நிறுவனம், லாண்டரெட், சினிமா, இரவு விடுதி எல்லாம் இதில் அடங்கும். இந்த வகைக்குள் போவதற்குப் பொதுவாக முழு விண்ணப்பம் போட்டாக வேண்டும். பப்பும் டேக் அவேயும் ஒரே பட்டியலில் இருக்கின்றன என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் முடியாது. இங்கே ஒவ்வொன்றும் தனித்தனி.

## அந்த இடத்தின் சட்டப்படியான பயன்பாடு என்ன?

பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது, முந்தைய வாடகைக்காரர் என்ன விற்றார் என்பதெல்லாம் சான்றாகாது. ஏஜென்ட் விளம்பரத்தில் 'ஈ வகுப்பு' என்று போட்டிருப்பதும் அப்படித்தான். பார்க்க வேண்டியவை இவை:

1. கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள திட்டமிடல் பதிவேட்டில் முகவரியைத் தேடுங்கள். கதவிலக்கம் காலப்போக்கில் மாறியிருக்கலாம், அதனால் வீதி முழுவதையும் ஒருமுறை பாருங்கள்.

2. பழைய அனுமதி கிடைத்தால் முடிவுக் கடிதத்தைத் திறந்து நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் வாசியுங்கள். "இந்த இடம் அலுவலகமாக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும், அதே வகுப்பிலுள்ள வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது" என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருந்தால், ஈ வகுப்பு தரும் சுதந்திரம் அந்த இடத்துக்குக் கிடையாது. 2020 திருத்தம் இப்படிப்பட்ட நிபந்தனைகளை அழித்துவிடவில்லை. பலரும் சறுக்குவது இந்த ஒற்றை வரியில்தான்.

3. முந்தையவர் அனுமதியில்லாமல் டேக் அவே நடத்தியிருந்தால் அந்த உரிமை உங்களுக்குச் சும்மா வந்து சேராது. தொடர்ச்சியாக 10 ஆண்டுகள் நடந்தது என்று ரசீது, வரிக் கணக்கு, உறுதிமொழி ஆகியவற்றைக் காட்டி நிரூபிக்க முடிந்தால்தான் அது சட்டப்படியானதாகும்.

4. சந்தேகம் நீடித்தால் 'சட்டப்படியான பயன்பாட்டுச் சான்றிதழ்' கேட்டு விண்ணப்பிக்கலாம். செய்யப்போகும் பயன்பாட்டுக்கான சான்றிதழுக்கு முழு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். அதில் கவுன்சில் விருப்பு வெறுப்பைப் பார்க்க முடியாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். பின்னாளில் கடையை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பதும் இந்தத் தாளைத்தான்.

கடை சில காலம் பூட்டியிருந்தது என்பதால் மட்டும் அதன் பழைய பயன்பாடு பொதுவாக அற்றுப்போவதில்லை. அதேசமயம் லீஸில் உள்ள பயன்பாட்டு நிபந்தனை தனி விஷயம். கவுன்சில் விட்டாலும் வீட்டுக்காரர் தடுக்கலாம்.

## உணவகமா, டேக் அவேயா?

சட்டத்தின் அளவுகோல் ஒரு கேள்விதான்: விற்கும் உணவில் பெரும்பகுதி அங்கேயே உண்ணப்படுகிறதா, வெளியே போகிறதா? இத்தனை சதவீதம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நான்கு மேசை போட்டுவிட்டால் உணவகம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. அதிகாரி வந்தால் மேசைகளை மட்டும் எண்ண மாட்டார். கவுண்டர் எவ்வளவு நீளம், காத்திருக்கும் இடம் எவ்வளவு, வாசலில் டெலிவரி மோட்டார் சைக்கிள் எத்தனை, பில்களில் பார்சல் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். உணவகமாகத் தொடங்கிய இடம் ஆப் வழி ஆர்டர்கள் பெருகப் பெருக டேக் அவேயாக மாறிவிட முடியும். மாறிய நாள் எது என்று நடத்துபவருக்கே தெரியாமல் அது நடந்துவிடும்.

மளிகைக் கடைகளில் இது இன்னும் நுணுக்கமானது. கல்லாவுக்குப் பக்கத்தில் சூட்டுப் பெட்டி வைத்து ரோல்ஸும் பற்றிஸும் வடையும் விற்பது, கடை வியாபாரத்துக்குத் துணையான சின்ன அளவில் இருக்கும்வரை கடையின் பகுதியாகவே கருதப்படும். அதே கடையின் பின்பக்கத்தில் கொத்துரொட்டித் தட்டு வைத்து, பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் பார்சலுக்கு வரிசை நிற்கத் தொடங்கினால், அது கடையும் டேக் அவேயும் கலந்த பயன்பாடு. டேக் அவே சேர்ந்த இந்தக் கலப்புப் பயன்பாடு ஈ வகுப்புக்குள் அடங்காது, அனுமதி வேண்டும்.

டேக் அவேக்கு விண்ணப்பிக்க முன் வரைபடத்தில் பள்ளிகளைத் தேடிப் பாருங்கள். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த லண்டன் திட்டத்தின் (லண்டன் முழுவதற்குமான திட்டமிடல் கொள்கை ஆவணம்) 'ஈ9' என்ற இலக்கமுள்ள கொள்கை, ஆரம்பப் பள்ளியோ உயர்நிலைப் பள்ளியோ எதுவானாலும் அதன் வாயிலிலிருந்து 400 மீட்டர் நடைத் தூரத்துக்குள் புதிய டேக் அவே அனுமதிக்கப்படக் கூடாது என்கிறது. இது நேர்கோட்டுத் தூரம் அல்ல, நடந்து போகும் தூரம். பள்ளியின் எல்லா வாயில்களிலிருந்தும் அளக்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த தேசியக் கொள்கைத் தொகுப்பும், நகர மைய எல்லைக்கு வெளியே பள்ளிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் வரும் டேக் அவேக்களை மறுக்கச் சொல்கிறது. மெனுவில் சாலட் சேர்ப்பதாக வாக்குறுதி கொடுத்து இதைத் தாண்ட முடியாது. தூரம் பொருந்தவில்லை என்றால் வேறு இடம் தேடுவதே மிச்சம்.

## புகைக்குழாய்

பயன்பாட்டுக்கு அனுமதி தேவையில்லாத உணவகத்துக்கும், வெளிச்சுவரில் ஏறும் எக்ஸ்ட்ராக்ஷன் குழாய் கட்டடத்தின் தோற்றத்தை மாற்றும் கட்டட வேலையே. லண்டன் கடைவீதிகளில் பெரும்பாலான கடைகளுக்கு மேலே ஃபிளாட் இருக்கும்; பின்சுவரில் படுக்கையறை ஜன்னல் இருக்கும். அதனால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி சொல்லும் கருத்துதான் இங்கே தீர்ப்பு மாதிரி.

அவர் பார்ப்பது இரண்டு: வாசனை, சத்தம்.

வாசனைக்கு, வணிகச் சமையலறைகளுக்கென்றே உள்ள வழிகாட்டி நூல் ஒரு மதிப்பெண் முறையைத் தருகிறது. குழாய் எந்த உயரத்தில் எப்படி முடிகிறது, அடுத்த வீட்டு ஜன்னல் எவ்வளவு தூரம், சமையலறை எவ்வளவு பெரியது, என்ன வகைச் சமையல் என்ற நான்குக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 20-ஐத் தாண்டினால் உயர்ந்த கட்டுப்பாடு, 35-ஐத் தாண்டினால் மிக உயர்ந்த கட்டுப்பாடு. கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளிப்பும் ஆழமாகப் பொரிப்பதும் உள்ள நமது சமையலில் எண்ணெய்ப் புகையும் மசாலா வாசனையும் சேர்ந்தே வரும். குறைந்த கட்டுப்பாட்டுக்குள் அடங்கும் என்று நம்பிக் குழாய் வாங்காதீர்கள்.

உயர்ந்த கட்டுப்பாட்டுக்கான சாதாரண ஏற்பாடு இந்த வரிசையில் இருக்கும்:

1. அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சும் மூடியில், கழற்றிக் கழுவக்கூடிய உலோகக் கொழுப்பு வடிகட்டி.
2. நுண்துகளைப் பிடிக்கும் மின்நிலைப் பிரிப்பான் அல்லது நுண்வடிகட்டி.
3. வாசனையை உறிஞ்சும் கார்பன் வடிகட்டி. காற்று கார்பனுக்குள் தங்கும் நேரம் உயர்ந்த கட்டுப்பாட்டுக்கு 0.2 முதல் 0.4 விநாடி, மிக உயர்ந்ததற்கு 0.4 முதல் 0.8 விநாடி.
4. விசிறிக்கு முன்னும் பின்னும் சத்தம் அடக்கி. சுவரில் அதிர்வு ஏறாமல் ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கி.
5. கூரை விளிம்புக்கு மேலே, குறைந்தது 1 மீட்டர் உயரத்தில், நேரே மேல்நோக்கித் திறக்கும் வாய்.

வரிசையில் ஒன்று விடுபட்டால் என்ன ஆகும்? இரண்டாவதை விட்டுவிட்டுக் கார்பனை மட்டும் வைத்தால், தட்டிலிருந்து எழும் எண்ணெய்ப் புகை கார்பன் துகள்களின் நுண்துளைகளை மெழுகியதுபோல் மூடிவிடும். வாசனை அப்படியே வெளியேறும், காற்று தடைப்படும், விசிறி கூடுதல் வேகத்தில் ஓடிச் சத்தம் ஏறும். மேல்வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். குழாயின் வாயில் மழைத் தொப்பி போடுவது இன்னொரு வழக்கமான பிழை. தொப்பி புகையைக் கீழ்நோக்கித் திருப்பி ஜன்னலுக்கே அனுப்புகிறது. மழைநீர் வடிய உட்குழாய் அமைப்பு வைப்பதே சரி.

சத்தத்துக்கு பிஎஸ் 4142 என்ற பிரித்தானியத் தரப்படி அளவீட்டு அறிக்கை கேட்பார்கள். கடை மூடும் நேரத்து அமைதியில் பின்னணிச் சத்தம் எவ்வளவு என்று அளந்து, அதைவிடக் குறைவாக விசிறிச் சத்தம் ஜன்னலில் கேட்க வேண்டும் என்பார்கள். பல கவுன்சில்கள் 10 டெசிபல் குறைவாகக் கேட்கின்றன. "இயந்திரத்தின் விவரத்தைப் பிறகு தருகிறோம்" என்று எழுதும் விண்ணப்பங்கள்தான் அதிகம் மறுக்கப்படுகின்றன. விசிறியின் மாடல், சத்தத் தரவு, குழாயின் பக்கவாட்டுப் படம் எல்லாம் முதல் நாளே கையில் இருக்கட்டும்.

## கோயில், சனிக்கிழமை வகுப்பு, மண்டபம்

கடையையோ அலுவலகத்தையோ கோயிலாக்குவது ஈ-யிலிருந்து எஃப்1-க்குப் போவது; அனுமதி வேண்டும். தமிழ்ப் பள்ளியும் டியூஷன் நிலையமும் கல்வி என்பதால் அதே வழி. பரத நாட்டிய வகுப்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது: உடற்பயிற்சி, பொழுதுபோக்கு என்று ஈ வகுப்பில் வாதிடலாம், கல்வி என்றும் கவுன்சில் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் சான்றிதழ் வாங்கிவிட்டுத் தொடங்குவதே நிம்மதி.

வாடகை மலிவு என்பதற்காகத் தொழிற்பேட்டைக் கிடங்குகளைத் தேடிப் போகிறார்கள். லண்டனில் அது பெரும்பாலும் தவறான தேர்வு. லண்டன் திட்டம் தொழில் நிலத்தைப் பாதுகாக்கிறது. ஒதுக்கப்பட்ட தொழிற்பகுதிக்குள் இருக்கும் கிடங்கைக் கோயிலாகவோ கல்யாண மண்டபமாகவோ மாற்றுவது கொள்கை அளவிலேயே மறுக்கப்படக் கூடியது. கவுன்சிலின் கொள்கை வரைபடத்தில் அந்த நிலத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கொள்கை இடம் கொடுத்தாலும் பார்க்கிங் தடையாக நிற்கும். விண்ணப்பத்தில் 'வழக்கமாக 30 பேர்' என்று எழுதிவிட்டு நவராத்திரிக்கும் தேருக்கும் நூற்றுக்கணக்கில் கூடினால், அக்கம்பக்கத்தார் படம் எடுத்து அனுப்புவார்கள். உண்மையான எண்ணிக்கையைச் சாதாரண நாள், வெள்ளிக்கிழமை, திருவிழா நாள் என்று பிரித்து எழுதுங்கள். வருடத்தில் எத்தனை பெரிய நாள், அன்று வாகனங்களை யார் ஒழுங்குபடுத்துவார், எந்த இடத்தோடு பார்க்கிங் ஒப்பந்தம், மேளம் எத்தனை மணிவரை, ஒலிபெருக்கி உண்டா என்று ஒரு நிர்வாகத் திட்டமாகக் கொடுங்கள். மறைத்துப் பெற்ற அனுமதி முதல் திருவிழாவோடு சிக்கலாகிவிடும். சொல்லிப் பெற்ற அனுமதி நிற்கும்.

## விண்ணப்பம்

பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாகவே போடுவது வழக்கம். வைக்க வேண்டியவை:

1. விண்ணப்பப் படிவம்.
2. 1:1250 அளவில் இட வரைபடம். வடக்கு அம்பு வேண்டும். விண்ணப்ப இடத்தைச் சிவப்புக் கோட்டாலும், அதே உரிமையாளரின் பக்கத்து நிலத்தை நீலக் கோட்டாலும் சுற்ற வேண்டும். குழாய் பின்முற்றத்தில் போகிறது என்றால் முற்றமும் சிவப்புக் கோட்டுக்குள் வர வேண்டும்.
3. இப்போதைய, உத்தேச தள வரைபடங்கள், 1:50 அல்லது 1:100 அளவில். வெளிவேலை இருந்தால் பக்கத் தோற்றப் படங்களும்.
4. உரிமைச் சான்று.
5. கவுன்சிலின் உள்ளூர்ப் பட்டியல் கேட்கும் அறிக்கைகள்: சத்தம், வாசனை, போக்குவரத்து, குப்பை வைக்கும் இடம்.

இதில் நான்காவதைத்தான் வாடகைக்காரர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். 'ஏ' சான்று, அந்த இடத்தின் ஒரே உரிமையாளர் நீங்கள்தான் என்று சொல்வது. வாடகைக்காரர் 'பி' சான்றுதான் போட வேண்டும். போடுமுன் ஃப்ரீஹோல்டருக்கு (நிலத்தின் முழு உரிமையாளர்) முறையான அறிவித்தல் கொடுக்க வேண்டும். லீஸில் இன்னும் 7 ஆண்டுகளுக்குக் குறையாமல் மிச்சம் வைத்திருப்பவரும் சட்டத்தில் 'உரிமையாளர்' என்பதால், குழாய் தொடும் மேல் ஃபிளாட்டின் நீண்டகால லீஸ்காரருக்கும் அறிவித்தல் போக வேண்டும். தெரிந்துகொண்டே பொய்ச் சான்று கொடுப்பது குற்றம்.

பயன்பாட்டு மாற்றத்துக்கான கட்டணம் 2025 ஏப்ரல் 1 அன்று 588 பவுண் ஆனது. கட்டணம் ஆண்டுதோறும் ஏப்ரலில் திருத்தப்படுவதால் போடும் நாளில் சரிபாருங்கள். போர்ட்டலின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டால் இலவசமாக இன்னொரு முறை போடலாம் என்ற பழைய சலுகை 2023 டிசம்பர் 6-ஓடு நீக்கப்பட்டுவிட்டது. முதல் விண்ணப்பமே முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து 8 வாரத்துக்குள் முடிவு வர வேண்டும். பெரிய திட்டமென்றால் 13 வாரம். கணக்கு தொடங்குவது நீங்கள் அனுப்பிய நாளில் அல்ல, எல்லாத் தாளும் சரியாக வந்த நாளில். அக்கம்பக்கத்தாருக்குக் கருத்துச் சொல்ல 21 நாள் உண்டு. எட்டாவது வாரம் நெருங்கும்போது அதிகாரி கால நீட்டிப்புக் கேட்டால், குறை திருத்தக்கூடியது என்றால் சம்மதிப்பதே பெரும்பாலும் நல்லது. இல்லையேல் மறுப்புதான் வரும்.

## கடையை வீடாக்குவது

இதற்கு முழு விண்ணப்பம் இல்லாத குறுக்கு வழி ஒன்று உண்டு: 2021 ஆகஸ்ட் 1 முதல் உள்ள 'எம்ஏ' வகுப்பு (இது மேலே சொன்ன பயன்பாட்டு வகுப்பு அல்ல, சில மாற்றங்களுக்குப் பொதுவாக அனுமதி தரும் விதி). ஈ வகுப்பில் தொடர்ந்து 2 ஆண்டுகள் இருந்த இடத்தை 'முன் ஒப்புதல்' (குறிப்பிட்ட சில அம்சங்களை மட்டும் பார்த்துக் கவுன்சில் தருவது) பெற்று வீடாக்கலாம். 1500 சதுர மீட்டர் உச்ச வரம்பும், 3 மாதம் காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2024 மார்ச் 5 அன்று நீக்கப்பட்டன. கவுன்சிலுக்கு 56 நாள் அவகாசம். ஒவ்வொரு வசிப்பறைக்கும் இயற்கை ஒளி வேண்டும்; ஒருவர் தங்கும் மிகச் சிறிய ஃபிளாட்கூட 37 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒடுங்கி நீண்ட கடைகளில் பின்பாதி இருட்டாக இருப்பதால் இங்கேதான் திட்டம் உடைகிறது. புது ஜன்னல் திறப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். பல கவுன்சில்கள் 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு மூலம் தங்கள் கடைவீதிகளில் இந்த வழியையே அடைத்திருக்கின்றன.

## மறுத்தால், அல்லது கேட்காமலே தொடங்கியிருந்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணங்கள் இலக்கமிட்டு வரும். காரணம் தாள் குறைபாடு என்றால் திருத்தி மீண்டும் போடுவதே வேகமான வழி. கொள்கையை அதிகாரி தவறாகப் பொருத்தியிருந்தால் 6 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அனுமதியில்லாமல் நடத்திக்கொண்டிருக்கும்போது புகார் போனால், முதலில் வருவது பெரும்பாலும் விவரம் கேட்கும் கடிதம். அது முறைப்படியான 'திட்டமிடல் மீறல் அறிவித்தல்' என்றால் 21 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. அந்தக் கட்டத்தில் பின்தேதி விண்ணப்பம் (ஏற்கெனவே செய்துவிட்ட மாற்றத்துக்கு அனுமதி கேட்பது) போட இன்னும் வழி இருக்கிறது. அடுத்து வரும் அமலாக்க அறிவித்தல் (மீறலை நிறுத்தச் சொல்லும் உத்தரவு) குறைந்தது 28 நாள் கழித்து நடைமுறைக்கு வரும். மேல்முறையீடு அந்த நாளுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும். நடைமுறைக்கு வந்த அறிவித்தலை மீறுவது குற்றம். அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை. மீறி நடத்திய காலத்தில் ஈட்டிய பணத்தையே பறிக்கும்படி கவுன்சில் நீதிமன்றத்தைக் கேட்கவும் முடியும்.

"நாலு வருஷம் ஓட்டிவிட்டால் போதும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். கடையை டேக் அவேயாக்குவது போன்ற மாற்றங்களுக்கு அது எப்போதுமே 10 ஆண்டுதான். நான்கு ஆண்டு விதி கட்டட வேலைக்கும், தனி வீடாக மாற்றுவதற்கும் மட்டுமே இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் அவற்றுக்கும் 10 ஆண்டுதான். அந்தத் தேதிக்கு முன் வேலை முடிந்த பழைய குழாய்களுக்கு மட்டும் நான்கு ஆண்டு இன்னும் செல்லும். ஆகவே ஏற்கெனவே குழாய் உள்ள கடையை எடுப்பவர், அது எப்போது பொருத்தப்பட்டது என்பதற்கான ரசீதை விற்பவரிடமிருந்து கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகும் அதிலுள்ள நிபந்தனைகளைப் பிரித்து வாசியுங்கள். 'தொடங்குமுன்' சமர்ப்பிக்க வேண்டியவற்றைச் சமர்ப்பித்து எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் கதவைத் திறந்தால் கையிலிருக்கும் அனுமதியே கேள்விக்குள்ளாகலாம். வழக்கமாக 3 ஆண்டுக்குள் மாற்றத்தைத் தொடங்கிவிட வேண்டும். கட்டட ஒழுங்குவிதி ஒப்புதல் தனி. உணவு வியாபாரப் பதிவைத் திறப்பதற்கு 28 நாள் முன்பே செய்ய வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் சூடான உணவு விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். திட்டமிடல் அனுமதியில் மூடும் நேரம் 10 மணி என்று இருந்தால், அந்த லைசென்ஸைக் காட்டி அதற்கு மேல் திறந்து வைக்க முடியாது. நேரத்தை நீட்ட நிபந்தனையை மாற்றும் விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும்.